சிற்றூர் வங்கிகளின் பழைய டாலர் நோட்டு: சேகரிக்கத் தொடங்குவோருக்கு

டாலர் நோட்டு என்றால் நாடு முழுக்க ஒரே முகத்தோடு புழங்குவது என்றுதான் நமக்குப் பழக்கம். 1863 முதல் 1935 வரை அமெரிக்காவில் அப்படி இல்லை. நாலே தெரு உள்ள ஊரின் வங்கிகூடத் தன் பெயரையும் ஊர்ப் பெயரையும் தாங்கிய நோட்டை வெளியிட்டது. அதில் அந்த வங்கியின் காஷியரும் (அன்று வங்கியை நடத்திய அதிகாரி) பிரசிடெண்டும் கையெழுத்திட்டார்கள். 'நேஷனல் பேங்க் நோட்' என்பது முழுப் பெயர். சேகரிப்பவர்கள் 'நேஷனல்' என்று சுருக்கிவிடுவார்கள்.

புதிதாக வருபவர்கள் மற்ற நோட்டுகளில் பழகிய கண்ணோடு வருகிறார்கள்: எவ்வளவு பழசு, எவ்வளவு மொடமொடப்பு. இங்கே அந்த வரிசை தலைகீழ். முதலில் எந்த வங்கி, அடுத்து அந்த வங்கியின் நோட்டு இன்று எத்தனை மிஞ்சியிருக்கிறது, அதற்குப் பிறகுதான் நோட்டின் நிலை. பெருநகர வங்கியின் புத்தம்புது 20 டாலரைவிட, கசங்கி ஓரம் கிழிந்த சிற்றூர் 10 டாலர் பல மடங்கு விலை போவது இங்கே சாதாரணம்.

இந்த நோட்டு எப்படி வந்தது

உள்நாட்டுப் போர் நடந்த காலம். 1863-இல் வந்த சட்டம் ஒரு வழி செய்தது: வங்கி அரசுக் கடன் பத்திரத்தை வாங்கிக் கருவூலத்தில் வைக்க வேண்டும், அதன் மதிப்பில் 90 சதவீதத்துக்கு அரசு நோட்டு அச்சிட்டுத் தரும். அனுமதி பெற்ற ஒவ்வொரு வங்கிக்கும் ஒரு சார்ட்டர் எண். 1-ஆம் எண் பிலடெல்பியாவின் ஃபர்ஸ்ட் நேஷனல் பேங்க். கடைசியில் இந்த எண் 14,000-ஐத் தாண்டியது.

சிற்றூர் நோட்டு தேடுபவர்கள் மனதில் வைக்க வேண்டிய ஆண்டு 1900. அதுவரை மிகச் சிறிய ஊரிலும் நேஷனல் வங்கி தொடங்க 50,000 டாலர் மூலதனம் வேண்டும். அந்த ஆண்டு மார்ச்சில் வந்த சட்டம், 3,000 பேருக்கு மேற்படாத ஊருக்கு 25,000 டாலர் போதும் என்றது. பத்திர மதிப்பில் முழு 100 சதவீதத்துக்கும் நோட்டு பெறலாம் என்றும் சொன்னது. கோதுமை வயலுக்கு நடுவே ரயில் நிற்கும் ஊரிலெல்லாம் வங்கி முளைத்தது அதன்பிறகுதான். 1935-இல் ஈடாக இருந்த 2 சதவீதப் பத்திரங்களை அரசு திரும்ப எடுத்துக்கொண்டது. நோட்டும் அதோடு நின்றது.

முதல் படி: கையில் இருப்பது நேஷனல்தானா?

மூன்று விஷயங்களில் ஏமாற வாய்ப்பு உண்டு.

முதலாவது, 1863-க்கு முன் மாநில அனுமதியோடு தனியார் வங்கிகள் வெளியிட்ட நோட்டு. அதிலும் வங்கி, ஊர்ப் பெயர் இருக்கும். ஆனால் கருவூல முத்திரை இருக்காது. பல நோட்டுகள் கையெழுத்தே இல்லாமல் மிச்சமானவை. அது தனி உலகம், சேகரிக்கத் தக்கதுதான். நேஷனல் விலை கொடுத்து வாங்காதீர்கள். இந்த வகையில் பரிசுக் கடைப் போலிகளும் ஏராளம். பழுப்பேறிச் சுருங்கி, விரலில் முறுமுறுக்கும் தாளில் இருந்தால் அநேகமாக அதுதான். பேங்க் ஆஃப் தி யுனைடெட் ஸ்டேட்ஸ் பெயரில் 1840 தேதியிட்ட 1,000 டாலர், சீரியல் எண் 8894 என்று ஒன்று வந்தால் யோசிக்கவே வேண்டாம். அத்தனை பேர் கையிலும் இருக்கும் போலி அது.

இரண்டாவது, 1929 வரிசை ஃபெடரல் ரிசர்வ் பேங்க் (அமெரிக்க மத்திய வங்கியின் மண்டல வங்கி) நோட்டு. இதுதான் புதியவர்களை அதிகம் கவிழ்க்கிறது. அதே அளவு, அதே பழுப்பு முத்திரை, மேலே அதே 'நேஷனல் கரன்சி' என்ற வாசகம். ஆனால் வங்கிப் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'ஃபெடரல் ரிசர்வ் பேங்க் ஆஃப் சிகாகோ' என்பதுபோல இருக்கும். சார்ட்டர் எண்ணுக்குப் பதில் ஏ முதல் எல் வரை ஓர் எழுத்து. சிற்றூர் சேகரிப்பில் இதற்கு இடமில்லை.

மூன்றாவது, நகல். உண்மையான நோட்டில் அச்சுக் கோடுகள் தாளிலிருந்து மேலெழும்பி நிற்கும். தாளுக்குள் சிவப்பு, நீலப் பட்டு இழைகள் தெரியும். 10 மடங்கு பெரிதாக்கும் லென்ஸில் புள்ளிப் புள்ளியாக மை தெரிந்தால் அது கணினி அச்சு.

இரண்டாம் படி: நோட்டை வாசிக்கப் பழகுவது

பணம் செலவழிக்கும் முன் ஒரு மாதம் இதற்கே ஒதுக்கலாம். ஏல நிறுவனங்களின் இணையக் காப்பகத்தில் பெரிய படங்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. தினம் பத்து நோட்டு வாசித்தால் போதும்.

முதலில் அளவு. 1929-க்கு முந்தையவை பெரியவை, சுமார் ஏழரை அங்குல நீளம். 1929 வரிசை இன்றைய டாலர் அளவு.

பெரிய நோட்டில் மூன்று காலகட்டம். முதல் காலகட்டத்தில் ஒரிஜினல் சீரிஸ், பிறகு 1875 சீரிஸ். 1, 2 டாலர் நேஷனல்கள் இதில் மட்டும்தான். 1879-க்குப் பிறகு அவை இல்லை. 2 என்ற இலக்கம் படுத்துக் கிடக்கும் அந்த 2 டாலருக்கு 'லேஸி டூஸ்' என்று செல்லப் பெயர். அழகாக இருக்கும், விலையும் அப்படியே. முதல் வருடம் அந்தப் பக்கம் போக வேண்டாம்.

இரண்டாவது, 1882 சீரிஸ். பின்பக்கம்தான் அடையாளம். பழுப்பு நிறத்தின் நடுவே சார்ட்டர் எண் பெரிதாக இருந்தால் 'பிரவுன் பேக்'. '1882-1908' என்று இருந்தால் 'டேட் பேக்'. மதிப்பு எழுத்தால் எழுதியிருந்தால் 'வேல்யூ பேக்'. மூன்றாவது, 1902 சீரிஸ். முன்பக்கம் சிவப்பு முத்திரை என்றால் 'ரெட் சீல்'. நீல முத்திரையோடு பின்னால் '1902-1908' இருந்தால் டேட் பேக், தேதி இல்லையென்றால் 'பிளெய்ன் பேக்'. பெரிய அளவில் தொடங்குபவர்களுக்குக் கட்டுபடியாவது இந்தக் கடைசி வகை.

இங்கே ஒரு சிக்கல் உண்டு. சீரிஸ் ஆண்டு நோட்டு அச்சான ஆண்டு இல்லை. ஒரு வங்கியின் அனுமதி 20 ஆண்டுக்கு. அந்த 20 ஆண்டும் ஒரே சீரிஸ். 1900-இல் அனுமதி பெற்ற வங்கி 1920 வரை 1882 சீரிஸையே வெளியிட்டுக்கொண்டிருக்கும். 1890-இல் பெற்ற வங்கி 1910-இல்தான் 1902 சீரிஸுக்கு மாறும், அதற்குள் சிவப்பு முத்திரைக் காலம் முடிந்திருக்கும். ஆகவே 1902-க்கும் 1908-க்கும் இடையே அனுமதி பெற்ற அல்லது நீட்டித்த வங்கிகளுக்கு மட்டும்தான் ரெட் சீல் உண்டு. அதன் விலைக்குக் காரணம் இந்தக் கணக்குதான், நிறம் இல்லை. நோட்டின் முகத்தில் இருக்கும் தேதியும் வங்கியின் அனுமதிக் காலத்தைச் சார்ந்தது. '1905' என்று போட்ட பிளெய்ன் பேக் 1920-களில் அச்சாகியிருக்கலாம்.

அடுத்து சார்ட்டர் எண். 1874 சட்டத்துக்குப் பிறகு அச்சான நோட்டுகளில் இது பெரிதாக இருக்கும். வங்கிப் பெயரை நம்பாதீர்கள், எண்ணை நம்புங்கள். ஸ்பிரிங்ஃபீல்டு பல மாநிலங்களில் உண்டு. 'ஃபர்ஸ்ட் நேஷனல் பேங்க்' ஆயிரக்கணக்கில் உண்டு. ஒரே ஊரில், ஏறத்தாழ ஒரே பெயரில், இரண்டு எண்ணோடு இரண்டு வங்கிகூட உண்டு. குறிப்பாக 1933 மார்ச்சில் நாடெங்கும் வங்கிகளை மூடித் திறந்த பிறகு, எழ முடியாத பல வங்கிகள் புது எண்ணோடு மறுபடி தொடங்கின. பழைய எண்ணில் நூறு நோட்டு மிஞ்சியிருக்கும். 13,000, 14,000 தொடரில் வரும் புது எண்ணில் இரண்டே இருக்கும். விற்பவருக்கே சில சமயம் இது தெரிவதில்லை.

1902 முதல் 1924 வரை சார்ட்டர் எண்ணோடு ஓர் எழுத்தும் சேர்த்தார்கள்: நியூ இங்கிலாந்துக்கு என், கிழக்குக்கு ஈ, தெற்குக்கு எஸ், மத்திய மேற்குக்கு எம், மேற்குக்கு டபிள்யூ, பசிபிக் கரைக்கு பி. திரும்பி வரும் நோட்டைப் பிரிக்கும் குமாஸ்தாக்களுக்கான வசதி அது. நமக்கும் உதவும்: பென்சில்வேனியா என்று சொல்லி விற்கும் நோட்டில் எஸ் இருந்தால் எங்கோ தப்பு.

சீரியல் எண்ணில் உள்ள கணக்கு

1929 நோட்டில் இரண்டு வகை. டைப் 1-இல் சார்ட்டர் எண் கறுப்பில் மட்டும், இரு ஓரங்களிலும். டைப் 2-இல் கறுப்போடு, இரண்டு சீரியல் எண்களுக்கும் பக்கத்தில் பழுப்பிலும் இருக்கும். டைப் 1 1929-இலிருந்து 1933 வரை; டைப் 2 அதன்பிறகு 1935 வரை. காலம் குறைவு என்பதால் டைப் 2 பெரும்பாலும் அரிது. டைப் 2 வெளியிடாமலேயே போன வங்கிகளும் நிறைய.

வங்கிக்கு ஆறு நோட்டு கொண்ட தாளாக அனுப்புவார்கள். டைப் 1-இல் ஒரு தாளில் ஆறு நோட்டுக்கும் ஒரே எண். முன்னெழுத்து மட்டும் ஏ முதல் எஃப் வரை மாறும். ஏ000123ஏ, பி000123ஏ, இப்படி எஃப்000123ஏ வரை. டைப் 2-இல் ஒவ்வொரு நோட்டுக்கும் தனி எண், இறுதியில் எழுத்து இல்லை: ஏ000123.

இதை வைத்து எத்தனை அச்சானது என்று கையாலேயே கணக்குப் போடலாம். ஒரு வங்கியின் 10 டாலர் டைப் 1 கடைசி எண் 500 என்று பதிவில் இருந்தால் 500 தாள், 3,000 நோட்டு, 30,000 டாலர். டைப் 2-இல் கடைசி எண் 600 என்றால் மொத்தமே 600 நோட்டு. இரண்டையும் ஒன்றாக எண்ணிக் குழம்புவது தொடக்கத்தில் எல்லோரும் செய்யும் தவறு.

பெரிய நோட்டுகள் நான்கு கொண்ட தாளாக வந்தன. மூன்று 10, ஒரு 20 என்பது வழக்கமான சேர்க்கை. ஆகவே அந்தத் தாளில் 20 டாலர் அச்சானது 10-இல் மூன்றில் ஒரு பங்கு. இரண்டு சீரியல் எண்களில் ஒன்று கருவூல எண், மற்றது வங்கியின் தாள் எண். 1925-இல் கருவூல எண்ணை விட்டுவிட்டு, இரண்டு இடத்திலும் வங்கி எண்ணையே போட்டார்கள். இரண்டும் ஒன்றாக இருக்கிறதே என்று சந்தேகப்பட வேண்டாம்; 1925-க்குப் பிந்தைய நோட்டு, அவ்வளவே.

தாளை வெட்டியது வங்கி ஊழியர்; பல ஊர்களில் கத்தரிக்கோலால். அதனால் பெரிய நோட்டின் ஓரம் கோணலாக, ஒரு பக்கம் அகலமாக இருப்பது இயல்பு. கோணலுக்காக விலை குறைத்துக் கேட்கலாம். ஆனால் நான்கு ஓரமும் அளந்து வெட்டியதுபோல் நேராக, அச்சுச் சட்டத்தை ஒட்டி இருந்தால்தான் உற்றுப் பார்க்க வேண்டும். கிழிசலை மறைக்கப் பிற்பாடு நறுக்கியிருக்கலாம். அளவுகோலை வைத்துப் பாருங்கள்.

மூன்றாம் படி: எல்லையைக் குறுக்குவது

'கிடைப்பதை வாங்குவோம்' என்று போனால் ஒரு வருடத்தில் தொடர்பே இல்லாத முப்பது நோட்டு சேரும், விற்கும்போது பாதி விலை வரும். ஒரு கோட்டைப் போட்டுக்கொள்ளுங்கள். ஒரு மாநிலம், அதிலும் ஒரு கவுண்டி (நம் மாவட்டம் மாதிரி). அல்லது ஒரு மாநிலத்தின் 1929 நோட்டு மட்டும், ஊருக்கு ஒன்று. பெண்கள் காஷியராகவோ பிரசிடெண்டாகவோ கையெழுத்திட்டவற்றை மட்டும் தேடுபவர்கள் உண்டு. அயோவாவின் 'வாட் சியர்' மாதிரி விசித்திரப் பெயருள்ள ஊர்களைத் தேடுபவர்களும் உண்டு.

பென்சில்வேனியா, நியூயார்க், ஒஹாயோ, இல்லினாய் மாநிலங்களில் வங்கி அதிகம், நோட்டும் அதிகம், போட்டியும் அதிகம். தொடங்க நல்ல இடம். அலாஸ்கா, அரிசோனா, நெவாடா பக்கம் ஒரு நோட்டு விலையில் பென்சில்வேனியாவில் ஓர் ஆல்பமே நிரப்பலாம். மாநிலம் ஆவதற்கு முன் 'டெரிட்டரி' என்று அச்சான நோட்டு இன்னும் மேலே.

அமெரிக்காவில் குடியிருப்பவர்களுக்குச் சுலபமான தேர்வு, குடியிருக்கும் ஊரே. தமிழ்க் குடும்பங்கள் நிறைந்த டெக்சாஸ் பிளேனோ அன்று பருத்தி விளைந்த சிற்றூர். பிளேனோ நேஷனல் பேங்க் நோட்டு வெளியிட்டிருக்கிறது. இன்றைய புறநகர் பலவும் அன்றைய தனி ஊர்தான். ஒன்று மட்டும்: ஊர் இன்று பெருத்திருந்தால் தேடுபவர்களும் பெருத்திருப்பார்கள், விலை அதற்கேற்ப இருக்கும்.

நான்காம் படி: வாங்கும் முன் தேட வேண்டியவை

ஒவ்வொரு வங்கிக்கும் மூன்று தகவல் வேண்டும்: எத்தனை அச்சானது, எத்தனை மிஞ்சியிருப்பது தெரியும், கடைசியாக என்ன விலைக்குப் போனது.

அச்சானதும், எந்த சீரிஸ், எந்த மதிப்பு என்பதும் பட்டியல்களில் சார்ட்டர் எண்வாரியாக உண்டு. மிஞ்சியவற்றுக்கு நேஷனல் கரன்சி ஃபவுண்டேஷன் வைத்திருக்கும் கணக்கெடுப்பைப் பாருங்கள். சீரியல் எண்ணோடு பதிவு இருக்கும். வங்கிகளின் வரலாறும் அதிகாரிகளின் பெயரும் எஸ்பிஎம்சி எனப்படும் சொசைட்டி ஆஃப் பேப்பர் மணி கலெக்டர்ஸ் தளத்தில் தொகுக்கப்பட்டு வருகின்றன. விலைக்கு ஹெரிடேஜ், ஸ்டாக்ஸ் போவர்ஸ் போன்ற ஏல நிறுவனங்களின் பழைய முடிவுகள்.

'மூன்றே தெரியும்' என்றால் மூன்றே இருக்கிறது என்று பொருளில்லை. ஏலத்துக்கு வராத நோட்டு கணக்கில் ஏறாது. வங்கியர் குடும்பங்கள் முதல் எண் நோட்டுகளையும் வெட்டாத தாளையும் எடுத்து வைப்பதுண்டு. பேரன் பேத்தி காலத்தில் அப்படி ஒரு கட்டு வெளியே வந்தால் மூன்று ஒரே நாளில் பதினைந்து ஆகும், விலை சரியும். அதனால், எண்ணிக்கை குறைவு என்பதற்காக மட்டும் கையிருப்பு முழுவதையும் ஒரே நோட்டில் போடாதீர்கள்.

ஐந்தாம் படி: நிலையும் கைவேலையும்

தரமிடுதல் 70 புள்ளிக் கணக்கு. 8, 10 என்றால் நன்றாகப் புழங்கித் தளர்ந்தது. 12, 15 என்றால் ஃபைன். 20 முதல் 35 வரை வெரி ஃபைன். 60-உம் அதற்கு மேலும் புழங்காதது. தரமிட்டு, முத்திரையிட்ட உறையில் போட்டுத் தரும் நிறுவனங்களில் பிஎம்ஜி, பிசிஜிஎஸ் இரண்டும் பரவலாக ஏற்கப்பட்டவை. ஒட்டுப் போட்டது, கழுவியது என்று கண்டால் பிஎம்ஜி 'நெட்' என்று குறிக்கும். அந்தச் சொல் இருந்தால் கருத்துரையையும் படித்துவிட்டு விலை பேசுங்கள். சிற்றூர் நோட்டுக்கு 12 முதல் 25 வரையிலான தரம் போதும். பல வங்கிகளுக்கு அதற்கு மேல் நோட்டே கிடையாது.

உறையில் இல்லாத நோட்டு என்றால் நீங்களே பார்க்க வேண்டும். சன்னலுக்கு நேரே பிடித்தால் ஊசித்துளைகள் நட்சத்திரம்போல் தெரியும். இரண்டு மூன்று துளை பெரிய குறையில்லை. புற ஊதா விளக்கில் பழைய தாள் மங்கலாகவே இருக்கும்; ஒட்டிய இடம், நிரப்பிய கிழிசல் பளீரென்று காட்டிக்கொடுக்கும். 1929 நோட்டில் வங்கிப் பெயரும் எண்களும் அழுத்தி அச்சிட்டவை. பின்பக்கத்தைச் சாய்த்துப் பார்த்தால் அந்த எழுத்துகள் மேடாகத் தெரிய வேண்டும். முகம் புதுசுபோல் இருந்தும் பின்னால் மேடு இல்லையென்றால், கழுவி இஸ்திரி போட்டிருக்கிறார்கள்.

பெரிய நோட்டில் கையெழுத்துதான் ஆதாரமான இடம். பேனாவிலோ ரப்பர் முத்திரையிலோ போட்டவை. முத்திரையின் ஊதா மை காலத்தில் வெளிறிப்போகும், கழுவினால் முழுக்கப் போகும். கையெழுத்து தெரிந்தால் விலை கூடும் என்பதால் அதன்மேல் புதிதாக எழுதுபவர்கள் இருக்கிறார்கள். லென்ஸை மடிப்பின்மேல் வைத்துப் பாருங்கள். அன்றைக்கே போட்ட கையெழுத்து என்றால் மடிப்பு மையை உடைத்திருக்கும். அந்த இடத்தில் வெள்ளைக் கீறல் தெரியும். பிற்பாடு போட்டது என்றால், மடிப்பில் கிழிந்த நாரில் மை இறங்கி, கோட்டின் இருபுறமும் பொசிந்திருக்கும். வெளிறிய கையெழுத்தோடு உள்ள நேர்மையான நோட்டே மேல்.

ஆறாம் படி: வாங்குவது

முதல் நோட்டு 1929 டைப் 1, 10 அல்லது 20 டாலர், நிறைய மிஞ்சியுள்ள ஒரு வங்கியினுடையதாக, தரமிட்ட உறையில் இருக்கட்டும். 100 டாலர் வாக்கில் கிடைக்கும். தவறு செய்தாலும் நஷ்டம் சிறியது.

ஏலத்தில் உங்கள் உச்ச விலையைப் பின்னாலிருந்து கணக்கிடுங்கள். வாங்குபவர் கட்டணம் 20 சதவீதம் என்றால் 200-க்குக் கேட்டது 240 ஆகும், அஞ்சலும் காப்பீடும் தனி. ஆக அஞ்சலும் காப்பீடும் போக 240 வரைதான் தர முடியும் என்றால் 200-இல் கையை இறக்குங்கள். ஈபேயில் இரு பக்கப் படமும் இல்லாத நோட்டைக் கேட்கவே வேண்டாம். 'அரிது' என்ற சொல்லைக் கண்டுகொள்ளாமல் சார்ட்டர் எண்ணைத் தேடுங்கள். பாதி நேரம் அது சிகாகோ அல்லது பிட்ஸ்பர்க் பெருவங்கியாக இருக்கும்.

நோட்டுக் கண்காட்சியில் வியாபாரியிடம் தேவைப் பட்டியலைக் கொடுத்துவிடுவது நல்ல வழக்கம். ஊர், சார்ட்டர் எண், எந்த வகை, அதிகபட்சம் எவ்வளவு என்று நான்கு வரி. சிற்றூர் நோட்டு பல, மேசைக்கு வராமலே இப்படிப் பட்டியல் வழியாகத்தான் கை மாறுகிறது.

வீட்டுக்கு வந்த பிறகு

பிவிசி உறை கூடாது. நாளடைவில் அது பிசுபிசுத்து மையைத் தொடும். பாலியெஸ்டர் உறை, மைலார் என்று கேட்டால் கொடுப்பார்கள். பெரிய நோட்டுக்குப் பெரிய உறை. சிறிய உறையில் திணித்தால் முனை மடங்கும். டேப், பசை, பேப்பர் கிளிப், இஸ்திரிப் பெட்டி எதுவும் கிட்டே வரக் கூடாது. அழுக்கு இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும். ஈரம் 50 சதவீதத்தை ஒட்டி இருக்கும் அறை, வெயில் படாத இடம்.

வாங்கிய அன்றே பதிவு செய்யுங்கள்: சார்ட்டர் எண், வங்கியின் முழுப் பெயர், ஊர், கவுண்டி, மாநிலம், சீரிஸ், வகை, மதிப்பு, இரண்டு சீரியல் எண்கள், கையெழுத்திட்ட இருவர் பெயர், தரம், விலை, வாங்கிய இடம். இருபக்க ஸ்கேன் 600 டிபிஐயில். கணக்கெடுப்பில் அந்த சீரியல் எண் இல்லையென்றால் ஸ்கேனை அனுப்பிச் சேர்க்கச் சொல்லுங்கள். திருட்டுப்போனால் நோட்டை உங்களுடையது என்று காட்ட அந்தப் பதிவும் உதவும்.

கையெழுத்தில் உள்ள காஷியர் பெயர் கிடைத்ததும், நேஷனல் வங்கிகளை மேற்பார்த்த அதிகாரியான நாணயக் கட்டுப்பாட்டாளரின் ஆண்டறிக்கைகளைத் திறக்கலாம். செயின்ட் லூயிஸ் ஃபெடரல் ரிசர்வின் ஃப்ரேசர் தளத்தில் இலவசமாக இருக்கின்றன. அந்த ஆண்டு யார் காஷியர், வங்கியின் மூலதனம் எவ்வளவு, எவ்வளவு நோட்டு வெளியே நின்றது என்று வரி வரியாக உண்டு. ஒரே வங்கியில் காஷியர் எந்த ஆண்டு மாறினார் என்று பார்த்துவிட்டால், அச்சான தேதியைச் சொல்லாத அந்தப் பிளெய்ன் பேக் எந்த இரண்டு மூன்று வருடத்துக்குள் கவுண்டரைத் தாண்டி வெளியே போனது என்று பென்சிலால் பதிவேட்டின் ஓரத்தில் குறித்துக்கொள்ளலாம்.